பார்த்துக்கொள்ளும் பிள்ளை யார்?

என் மனைவி அமிர்தவல்லி என்ன படித்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்கு வாய் குழறும். "முதுமையியல்ல எம்.ஏ.ங்க" என்பேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். "அப்படின்னா நர்ஸுங்களா?" என்பார். இல்லை என்றால், "முதியோர் இல்லம் வைக்கப் போறாங்களா?" என்பார். அதுவும் இல்லை என்றதும் மூன்றாவதாக ஒன்று வரும். "அப்ப எதுக்குங்க அந்தப் படிப்பு?" இந்தக் கேள்விக்கு நானும் இரண்டு வருஷம் பதில் தேடியிருக்கிறேன்.

இதில் என் பங்கும் உண்டு, மறைப்பதற்கில்லை. 2004 ஜூன் மாதம் திருச்சியில் ஒரு கல்லூரியில் சமூகப் பணி படிப்பதற்காக விண்ணப்பம் கொடுக்கப் போனோம். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு என்பதால் அவளுக்குத் தோதாக இருந்தது. மற்ற நாட்களில் ஜெயங்கொண்டத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. வயது முப்பத்தேழு. வரிசையில் நின்று ஜன்னலருகே போனால், அந்தப் படிப்புக்கு இடம் முடிந்துவிட்டது என்றார் கிளார்க். இவள் முகம் வாடிவிட்டது. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"முதுமையியல் இருக்கும்மா. இன்னும் நாலு பேர்கூட சேரல. எடுத்துக்கறீங்களா?"

"அதுல என்ன சார் படிக்கணும்?"

"வயசானவங்களப் பத்தி."

அமிர்தம் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏங்க, எடுத்துக்கவா?"

எனக்குப் பசி. ஊருக்குத் திரும்பப் போக இரண்டரை மணி நேரம் பஸ். "எடுத்துக்க, எடுத்துக்க" என்றேன். அப்படித்தான் அவள் முதுமையியல் மாணவி ஆனாள். யாரையும் காப்பாற்றும் லட்சியம் எதுவும் அப்போது அவளுக்கு இல்லை.

சேர்ந்த பிறகு அவள் பிடித்துக்கொண்ட பிடி வேறு. வெள்ளிக்கிழமையே இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறிவிடுவாள். நானும் எங்கள் மகள் அனிதாவும் இரண்டு நாள் இட்லியே சாப்பிடுவோம். திரும்பி வரும்போது தலை நிறையக் குழப்பத்தைச் சுமந்துகொண்டு வருவாள். முதுமை அறுபதில் ஆரம்பிக்கிறது என்றது ஒரு புத்தகம். அறுபத்தைந்து என்றது இன்னொன்று. முப்பதிலேயே எலும்பு தேய ஆரம்பித்துவிடுகிறது என்றது மூன்றாவது. நான் குனிந்து செருப்பு மாட்டினால் கவனித்துப் பார்ப்பாள். வண்டிச் சாவியைத் தேடினால் நோட்டை எடுப்பாள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.

"நான் கெழவனா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்று ஒருநாள் கத்தினேன்.

"அது எந்தக் கோட்பாட்ட எடுத்துக்கறோம்ங்கறதப் பொறுத்தது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

முதல் வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டாம் வருஷம் ஆய்வேடு. அறுபது வயதைக் கடந்த அறுபது பேரை நேரில் பார்த்துக் கேள்விப் படிவம் நிரப்பி, அதைக் கணக்கிட்டு எழுத வேண்டும். அவளுக்கு வழிகாட்டி ஜெகதாம்பாள் மேடம். ஜெயங்கொண்டம் பக்கம் முப்பது பேர், பெரம்பலூர் பக்கம் முப்பது பேர் என்று பிரித்துக் கொடுத்திருந்தார். தலைப்பில் எந்த மாவட்டம் என்று போடுவதிலேயே ஒரு வாரம் போனது. எங்கள் ஊர், நான் பிறந்தபோது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூர் மாவட்டம் என்றார்கள். புதுப் பலகையில் பெயின்ட் காய்வதற்குள், மறு வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். இருந்த இடத்தை விட்டு நாங்கள் ஓரடி நகரவில்லை.

படிவத்தில் இருபத்தெட்டுக் கேள்விகள். அதைக் கேட்பதற்கு மேடம் போட்ட சட்டம்தான் பெரிசு. பெரியவரைத் தனியாக உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். வீட்டு ஆட்கள் யாரும் காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. அச்சடித்த கேள்வியை அச்சடித்தபடி கேட்க வேண்டும். அவர் என்ன சொன்னாலும் சொன்னபடி எழுத வேண்டும், "அப்படியா?" என்று புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். யார் என்ன சொன்னார் என்று கட்டிய புருஷனிடம்கூட வாய் திறக்கக் கூடாது. அமிர்தம் இந்தச் சட்டத்தை எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தாள். அவள் சுபாவம் அப்படி.

ஜெயங்கொண்டம் பக்கத்து முப்பது பேருக்கும் என் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நான்தான் அழைத்துப் போனேன். 2005 மே மாதம், கொளுத்துகிற வெயில். வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டெல்லாம் போயிருக்கிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அமிர்தம், "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளில இருங்க. அம்மாகிட்ட தனியா பேசணும்" என்பாள். மகன், மருமகள் எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். மழை, முந்திரி விலை, சிமென்ட் ஃபேக்டரிக்குப் போகிற லாரி என்று ஊர்க்கதை ஓடும். ஆண்டாயி என்ற கிழவியின் வீட்டில், அவள் மகன் மாயவன் எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, வறுத்த முந்திரியும் ஒரு காகிதத்தில் கட்டிக் கொடுத்தான். நல்ல மனுஷன். எல்லாரும் நல்ல மனுஷர்களாகத்தான் இருந்தார்கள்.

என் பிழைப்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஜெயங்கொண்டத்தில் அரசாங்க ஆபீஸ்களுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பலகையில் மட்டும்தான், சோறு போடுவது மனு எழுதுகிற வேலை. அதிலும் அதிகம் வருவது முதியோர் பென்ஷன் மனு. பார்த்துக்கொள்ள வளர்ந்த பிள்ளை இருந்தால் பென்ஷன் கிடைப்பது கஷ்டம். அதனால், "பாத்துக்கற புள்ள யாரும் இருக்காங்களா?" என்று நான் கிழவியிடம் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையே, "இல்லன்னு போடுங்கண்ணே" என்பான். அம்மாவைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவனே அவன்தான். நானும் அப்படியே போடுவேன். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பேனாவும் படிவமுமாக வருகிறவரிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம்.

பெரம்பலூர் பக்கத்து முப்பது பேரை அவள் தனியாகவே பார்த்துவிட்டு வந்தாள். அவள் அம்மா வீடு பெரம்பலூர். அங்கே பத்து நாள் தங்கி, டவுன் பஸ்ஸில் போய் முடித்தாள். அந்தப் பக்கம் ரஞ்சன்குடியில் என் அண்ணன் அழகேசனும், அவன் வீட்டில் என் அப்பா உத்திராபதியும் இருக்கிறார்கள். நான் அங்கே போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் மகள் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்தின் தப்பு என்றான் அவன். அச்சகத்துக்கா நான் தம்பி என்று நான் கேட்டேன். அதோடு சரி. நல்லது கெட்டதுக்கு அமிர்தம் மட்டும் போய் வருவாள்.

2006 பொங்கல் கழிந்த வாரம், ஒரு மத்தியானம், டிபன் கேரியரோடு கடைக்கு வந்தவள் சாப்பாட்டைப் பிரிக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் நாசூக்காக வெளியே போனார்கள்.

"நாப்பத்தேழு பேருங்க" என்றாள்.

"எந்த நாப்பத்தேழு?"

"பன்னெண்டாவது கேள்வி. 'உங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை யார்?' அறுபது பேர்ல நாப்பத்தேழு பேரு யாரும் இல்லன்னு சொல்லிருக்காங்க. தனித்தனியா எழுதறப்ப எனக்குத் தெரியல. இன்னைக்கு மொத்தமா கூட்டிப் பாத்தேன். மேடத்துக்கு போன் பண்ணேன். அவங்களே ஆடிப்போயிட்டாங்க. இது வெளியே வர வேண்டிய விஷயம், கருத்தரங்குல படிக்கணும், பத்திரிகைக்கும் எழுதணும்ங்கறாங்க. நம்ம ஜனங்க இவ்வளவு கல்நெஞ்சக்காரங்களா? பெத்தவங்கள இப்படியா விடுவாங்க?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, ஆனால் சிரித்துவிட்டேன்.

"அட, அமிர்தம்! மாயவன் யாரு? அந்த ஆண்டாயி மவன்தான? அவன்தான் எனக்கு மோர் குடுத்தான். நீ உள்ள 'யாரும் இல்ல'ன்னு எழுதிகிட்டிருக்கறப்ப, பாத்துக்கற புள்ளைங்க எல்லாம் எங்கூடத்தான வெளில உக்காந்திருந்தானுங்க!"

அவள் அழுகை நின்றது. என்னை வெறித்துப் பார்த்தாள்.

"அப்ப ஏன் இல்லன்னாங்க?"

"பென்ஷனுக்குத்தான். வேற எதுக்கு? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்னு நெனச்சீங்களா? முப்பது வூட்டுக்கு எங்கூட வந்தீங்களே, ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீதான உள்ள நடக்கறத கேக்கக் கூடாதுன்ன!"

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. அனிதாதான் இரண்டு பேருக்கும் நடுவே சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான். படித்துப் பட்டம் வாங்கப் போகிறவளுக்கு இந்தச் சின்ன விஷயம் எப்படிப் புரியாமல் போனது என்று தோன்றியது. கோபம் ஆறியபோது, அவள் இதை ஏன் இவ்வளவு உறுதியாக நம்பினாள் என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அவளும் இந்தப் பக்கத்துக்காரிதானே.

மேடத்திடம் உண்மையைச் சொல்லத் திருச்சிக்கு நானும் கூடப் போனேன். மேடம் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தேழு பேர்கிட்டயும் திரும்பப் போங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு கேளுங்க. காரணத்தோட தனி அட்டவணை வேணும். ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள முடிஞ்சா முடிஞ்சது. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம்" என்றார். இன்னும் ஒரு வருஷம் என்றால் படிப்பு நின்றுவிடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனிதா அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு.

படிவத்தில் பெயர் இல்லாவிட்டாலும் எந்த எண் எந்த வீடு என்று அவளுக்கு நினைவிருந்தது. மறுபடி கிளம்பினோம். முதல் வீடே ஆண்டாயி வீடு. இந்த முறை நானும் உள்ளே உட்காரலாம் என்று ஆயிற்று, கெடுவதற்கு இனி ஒன்றும் இல்லை. அமிர்தம் பக்குவமாகக் கேட்டாள். கிழவி வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"பென்ஷன் எழுதத்தான வந்தீங்க? ஒன் வூட்டுக்காரருதான டவுன்ல மனு எழுதறவரு? அவரு வண்டிய வுட்டு எறங்கறாரு, நீ பேப்பரோட உள்ள வர்ற. வேற என்னன்னு நெனக்கச் சொல்ற?"

அமிர்தம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆராய்ச்சியைக் கெடுத்தது கிழவிகளல்ல, வண்டி ஓட்டிய நான்தான்! ஊர் ஊராக அவளுக்கு முன்னால் என் மூஞ்சி போய், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, 'பென்ஷன்' என்று எழுதிவிட்டு எழுந்தோம். அப்போது கிழவி அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் மாயவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். கிழவி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா தாயி, எழுதினத அடிச்சிடாத. அது முழுப்பொய்யும் இல்ல."

"என்ன பாட்டி சொல்றீங்க?"

"சோறு போடறான். இல்லன்னு சொன்னா நாக்கு அழுவிடும். ஆனா எங்கிட்ட பேசி ஆறு மாசம் ஆவுது. தட்ட வச்சுட்டுப் போயிடுவான். ஒன்னோட வூட்டுக்காரருகிட்ட அன்னைக்குப் பேசினான் பாரு, அவ்வளவு பேச்ச நான் கேட்டே வருசக்கணக்கா ஆவுது. சொவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுகிட்டிருந்தேன்."

மோர் கொடுத்த மாயவன் அன்று எனக்கும் வணக்கம் வைத்தான். நான் என்ன முகத்தோடு பதில் வணக்கம் வைப்பது என்று தெரியாமல் வண்டியை உதைத்தேன்.

அதற்குப் பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பென்ஷனுக்காகத்தான் சொன்னேன் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். நிஜமாகவே யாரும் இல்லாதவர்கள் இருந்தார்கள். ஒரு வாரம் ஒரு பிள்ளை, மறு வாரம் இன்னொரு பிள்ளை என்று துணிமூட்டையோடு அலைகிறவர்கள், தங்களை எதில் சேர்ப்பது என்று எங்களையே கேட்டார்கள். வைத்திலிங்கம் என்றொரு பெரியவர், பெரிய மகன் பார்த்துக்கொள்கிறான் என்று எழுத வைத்திருந்தார். நாற்பத்தேழில் அவர் இல்லை. வழியில் பார்த்ததால் நின்று பேசினோம். கூட நின்ற பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார், அந்த மகன் திருப்பூருக்குப் போய் எட்டு வருஷமாக ஒரு கடுதாசிகூட இல்லையாம். "யாரும் இல்லன்னு எழுதச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சும்மா" என்றார் வைத்திலிங்கம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"பென்ஷன் வேணும்ங்கறவர் இருக்கற புள்ளைய இல்லங்கறார். மானஸ்தர் இல்லாத புள்ளைய இருக்குங்கறார். இதுல நான் எதக் கூட்டறது, எதக் கழிக்கறது?" என்று அன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அமிர்தம் கேட்டாள். டீ ஆறிப் போனது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பெரம்பலூர் பக்கத்துக்கு இந்த முறையும் அவள்தான் தனியாகப் போனாள். அங்கே என் மூஞ்சியைப் பார்க்காமலே இருபத்தோரு பேர் யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஏப்ரல் முதல் வாரம் திரும்பி வந்து அட்டவணை போட்டாள். பென்ஷனுக்காகச் சொன்னவர்கள் முப்பத்தொன்று. உண்மையிலேயே யாரும் இல்லாதவர்கள் ஒன்பது. பிள்ளை கூடவே இருந்தும் இல்லாத மாதிரி இருப்பவர்கள் ஆறு. ஆண்டாயியை அந்த ஆறில் வைத்திருந்தாள்.

"நாப்பத்தாறுதான வருது?" என்றேன்.

"ஒண்ணு பாக்கி. அம்பத்தெட்டாம் நம்பர் படிவம். இத நான் உங்ககிட்ட சொல்லவே கூடாது. ஆனா அவர நான் போய்க் கேட்டா சொல்ல மாட்டார். நீங்கதான் கேக்கணும்."

"நானா? எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

"அது உங்க அப்பா."

கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தேன். சொந்தக்காரர்களிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். பெரம்பலூர் பக்கத்து முப்பதில் ஒருவர், போன வருஷம் இவள் போகிற அன்றைக்கே காலமாகிவிட்டார். எண்ணிக்கைக்கு ஆள் குறைந்ததால் மாமனாரிடமே போய் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னவர், பன்னிரண்டாம் கேள்விக்கு, "யாரும் இல்லன்னு எழுதிக்க" என்றிருக்கிறார். இவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாளாம். அவர் சிரிக்கவில்லையாம்.

"அழகேசன் மாமா அவர எப்படிப் பாத்துக்கறாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நேரம் வெந்நீர் வச்சுக் குடுக்கறாங்க. அப்படி இருக்கறவரே யாரும் இல்லன்னு சொல்றாருன்னா, மத்தவங்க சொன்னத நான் எப்படி நம்பாம இருப்பேன்?" என்றாள். அவள் நாற்பத்தேழு பேரையும் நம்பியதற்கு என் அப்பாதான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் மனு கேட்டு வந்தவர்கள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என் அப்பா.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். அரியலூர் வழியாகப் பெரம்பலூர், அங்கே பஸ் மாறி ரஞ்சன்குடி. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எல்லா இடத்திலும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்றே அடையாளம் தெரியவில்லை. ரஞ்சன்குடிக் கோட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்து இறங்கினேன். வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை. பென்ஷனுக்கு ஆசைப்பட்டிருப்பார் என்று ஒரு மனம் சொன்னது. அண்ணி ஏதாவது பேசியிருப்பாள் என்று இன்னொரு மனம் கிளறிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் வீட்டில் அப்பாவுக்கு ஏதோ குறை இருக்க வேண்டும் என்று நான் உள்ளூர ஆசைப்பட்டேன். அப்படி இருந்தால் விழாப் பத்திரிகை விஷயத்தில் என் பக்கம் நியாயம் கூடும் அல்லவா?

குறை ஒன்றும் இல்லை. அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். அண்ணி ஒரு வார்த்தையும் கேட்காமல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா என்னைப் பார்த்து, நேற்றுத்தான் போய்விட்டு வந்தவனைக் கேட்பது போல, "பஸ்ஸு கூட்டமா?" என்றார்.

படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆயிரம் மனு எழுதிய கைக்குப் பேனா மூடியைத் திறக்க வரவில்லை.

"அப்பா, அமிர்தம் வந்து கேட்டுச்சில்ல, பாத்துக்கற புள்ள யாருன்னு? நீங்க யாரும் இல்லன்னீங்களாம். பென்ஷனுக்குங்களா?"

"எனக்கு எதுக்குடா பென்ஷனு?"

"அண்ணன் எதாவது சொல்லிச்சா? அண்ணி?"

"சே, சே." உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அழகேசன மாதிரி யாரு பாத்துப்பா? காதுல விழுந்துடப் போவுது. மொல்லப் பேசு."

"அப்ப ஏன்பா அப்படிச் சொன்னீங்க? உங்க மருமவ படிப்பே இதால நிக்குது."

அப்பா காபியை ஆற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"ஒம் பொண்டாட்டி பேனாவும் பேப்பருமா வந்து உக்காந்துச்சு. பேப்பர்ல எல்லாம் நல்லாருக்குன்னு எழுதினா யாருக்கு என்ன வரும்? ஒண்ணும் வராது. அழகேசன் பாத்துக்கறான்னு சொன்னா, சரி, கெழவன் சௌரியமா இருக்கான்னு நீ அங்கயே இருந்துடுவ. யாரும் இல்லன்னு எழுதினா எதாவது வரும்னு நெனச்சேன். வர்றதுக்கு ஒரு வருசம் ஆயிடுச்சு. பரவால்ல, வந்துட்ட."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபமா என்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பேனா மூடியைத் திறந்தேன்.

"அதான் வந்துட்டேனே. இத மாத்திடவா? அழகேசன்னு எழுதிடறேன்."

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பிடியை நான் எதிர்பார்க்கவில்லை.

"மாத்தாத. மாத்தினா அப்பறம் நீ எதுக்கு வரப் போற?"

அன்று நான் அங்கேயே சாப்பிட்டேன். அண்ணன் வயலிலிருந்து வந்து, என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னான். பத்திரிகையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அமிர்தத்திடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் அந்த மூன்று வரிசைக்குக் கீழே நான்காவதாக ஒன்று சேர்த்து, 'பிற' என்று எழுதி, எதிரில் ஒன்று என்று போட்டாள். கடைசி நாளன்று ஆய்வேட்டைக் கொடுத்தாள். தேறினாள். அந்த ஒன்று யார் என்று தேர்வுக்கு வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

இப்போது 2007 முடியப் போகிறது. எங்களைத் திரும்பவும் அரியலூர் மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். அமிர்தம் இன்னும் அதே பள்ளியில்தான் டீச்சராக இருக்கிறாள். படிப்பு எதுக்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. மாதம் ஒரு தடவை ரஞ்சன்குடிக்குப் போய் வருகிறேன். பஸ்ஸைப் பற்றிக்கூட அப்பா இப்போது கேட்பதில்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள், உள்ளே அண்ணனுக்குக் கேட்காத குரலில், ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்.

"அத மாத்திடலியே?"